ஒருவருக்குப் பலிக்கும் மந்திரிப்பு இன்னொருவருக்கு ஏன் பலிப்பதில்லை?

கேள்வி: காவிரிக்கரையாள்

இரண்டு ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். மந்திரிப்பது மெய்யா, பொய்யா என்ற சண்டைக்காக நான் வரவில்லை. அந்தச் சண்டையை எங்கள் வீட்டிலேயே வேண்டிய மட்டும் போட்டு முடித்துவிட்டோம். எனக்குள்ள ஐயம் அதற்கு அடுத்தது.

எங்கள் தந்தை காலமான சில வாரங்களில் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான தொல்லைகள் வந்தன. எனக்குத் தூக்கம் போயிற்று. இரவு இரண்டு மணிக்கு விழித்தால், மார்பின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருப்பது போல விடியும் வரை அழுத்திக்கொண்டே இருக்கும். அக்காளுக்கு ஒற்றைத் தலைவலி. அதோடு, அடுத்து யாருக்கு என்ன வருமோ என்ற அச்சமும் அவளை விடவில்லை. தம்பியின் இரண்டு மாதப் பெண் குழந்தை, விளக்கு வைக்கும் நேரமானால் முகம் சிவக்க வீறிட்டு அழுதது.

அம்மா தமக்குத் தெரிந்ததை மூன்று பேருக்கும் செய்தார். ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஏழு காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தி மண் ஆகியவற்றைக் கையில் அடக்கி, தலையை வலமாக மூன்று முறையும் இடமாக மூன்று முறையும் சுற்றி, எங்களை மூன்று முறை துப்பச் சொல்லி, யாரோடும் பேசாமல் கொல்லைப்புறத்து அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் நெடி மட்டும் வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று பொருளாம். குழந்தை மூன்று வாரங்களில் சரியாகிவிட்டது. எனக்கும் அக்காளுக்கும் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு அக்காளும் நானும் ஒரே நாளில் நாகூர் தர்காவுக்குச் சென்று, ஓதிக் கொடுத்த கறுப்பு நூலை ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தோம். அவளுக்குத் தலைவலி முக்கால்வாசி குறைந்துவிட்டது. இன்றுவரை அந்த நூலைக் கழற்றவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி என்னை முற்றத்தில் உட்கார வைத்து, வேப்பிலைக் கொத்தால் உச்சி முதல் பாதம் வரை தடவி இறக்கி, ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திருநீறு பூசினார். அன்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன். அதே பாட்டி அக்காளுக்கும் அப்படியே செய்தார். அவளுக்கு வேப்பிலை வாசனையில் தலைவலி கூடியதுதான் மிச்சம்.

மருந்தென்றால் ஒருவருக்கு ஏற்கும், ஒருவருக்கு ஏற்காது. உடல்வாகு என்று காரணம் சொல்லிவிடலாம். நூலுக்கும் வேப்பிலைக்கும் எந்த உடல்வாகைக் காரணம் சொல்வது?

பதில் 1: மலையடிவாரத்தான்

அம்மா, நான் விஷக்கடிக்கு மந்திரித்த ஒருவரின் பேரன். சிறுமலை அடிவாரத்தில் எங்கள் தாத்தாவைத் தேடிப் பாம்புக்கடி, தேள்கடி, காமாலை என்று மாதம் பத்துப் பேராவது வருவார்கள். பன்னிரண்டு வயது வரை அவர் பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்பதால், நான் கண்டதைச் சொல்கிறேன்.

கடிபட்டு வருகிறவரிடம் தாத்தா முதலில் மந்திரம் சொல்ல மாட்டார். சிறியாநங்கை இலை இரண்டைக் கொடுத்து மெல்லச் சொல்வார். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தால் விஷம் ஏறவில்லை. இனிக்கிறது என்றோ ருசியே தெரியவில்லை என்றோ சொன்னால் ஏறியிருக்கிறது என்பது அவருடைய கணக்கு. இந்தச் சோதனையை நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்பதை இன்று நான் அறிவேன். ஆனால் 'கசக்கிறது' என்று தன் வாயாலேயே சொன்ன மனிதரின் தோள்கள் அந்தக் கணமே தளர்ந்து இறங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சொல்லும் மந்திரம் எதுவானாலும் பலிக்கத்தானே செய்யும்?

நம் வீடுகளையும் வயல்களையும் சுற்றித் திரியும் சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் ஆகியவற்றின் கடியால் ஆள் சாவதில்லை. நம் நாட்டில் பெரும்பாலான உயிர்களைக் குடிப்பவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். அவையும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். ஆகவே மந்திரிப்பவரிடம் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி எப்படியும் பிழைக்கப்போகிற கூட்டம். காமாலையும் அப்படித்தான், அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே வடியும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மந்திரிக்கவே கிளம்புகிறான். உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தானே.

உங்கள் தம்பி குழந்தையின் அழுகையையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். கைக்குழந்தைகள் மாலை வேளையில் காரணம் தெரியாமல் வீறிடுவது ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் அடங்கிவிடும். எங்கள் ஊரில் அதற்கு 'உரம் விழுந்திருக்கிறது' என்று சொல்லிக் குழந்தையைப் புடவையில் இட்டு உருட்டுவார்கள். சிலர் வேப்பிலை அடிப்பார்கள், சிலர் பள்ளிவாசல் வாசலில் நின்று ஊதச் சொல்வார்கள். எல்லாமே பலிக்கும். எந்த வாரத்தில் எதைச் செய்தோமோ, அதற்குப் பெயர் போய்ச் சேரும்.

தாத்தா சொன்ன ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் விடியற்காலையில் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரவு தரையில் படுத்திருந்தபோது ஏதோ கடித்தது போலிருந்ததாம். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனால் கண்ணிமை இரண்டும் சொருகிக்கொண்டே போயின. தாத்தா டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுத் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். 'இது கட்டுவிரியன். என் கையில் இல்லை. வண்டி பிடியுங்கள்' என்றார். அவர்களோ எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு மந்திரவாதியிடம் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்திருந்தார்கள். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அதன் பிறகு தாத்தா பாம்புக்கடிக்கு மந்திரிப்பதையே நிறுத்திக்கொண்டார். தேளுக்கும் காமாலைக்கும் மட்டும் தொடர்ந்தார். அவர் கைராசிக்காரர் என்று ஊர் சொன்னதற்குப் பாதிக் காரணம், எதைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

கூலி வாங்கினால் மந்திரம் பலிக்காது என்பார். வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். கிரகணத்தன்று கிணற்றில் இடுப்பளவு நீரில் நின்று மந்திரத்தை உருவேற்றுவார். அந்த ஒரு நாளில்தான் அதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியுமாம். எனக்குச் சொல்லிக் கொடுக்காமலே போய்விட்டார்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த புறாக்கள் எட்டைத் தனித்தனிக் கூண்டுகளில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பதினைந்து வினாடிக்கு ஒரு முறை தீனி வரும்படி ஏற்பாடு செய்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது. ஒன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தீனி விழுந்த நேரத்தில் எது என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுவே அதன் மந்திரம். உங்கள் வீட்டில் தூக்கம் வந்த இரவுக்கு முன்னால் வேப்பிலை இருந்தது. தலைவலி தணிந்த வாரத்துக்கு முன்னால் நூல் இருந்தது. இதற்குமேல் விளக்கம் தேவையா என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: பழைய வாத்தியார்

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன புறாக்கள் எனக்கும் பழக்கமானவைதாம். ஆனால் 1971இல் அதே சோதனையை மீண்டும் நுணுக்கமாகச் செய்து பார்த்தவர்கள், தீனி வரும் நேரம் நெருங்கும்போது பசித்த புறாக்கள் இயல்பாகச் செய்யும் அசைவுகளே அவை, தற்செயலாகக் கற்றவை அல்ல என்று மறுத்தார்கள். அது கிடக்கட்டும். அந்தப் புறாவுக்குப் பாட்டியோ, அண்டை வீடோ, மொழியோ இல்லை. இந்த அம்மையாரின் கேள்வி அவை எல்லாம் உள்ள மனிதர்களைப் பற்றியது.

முதலில், இந்தக் கேள்விக்கு நம்மிடம் வயது அதிகம். அகநானூற்றின் 22ஆம் பாட்டில், காதலனைப் பிரிந்து தலைவி மெலிகிறாள். தாய் காரணம் அறியாமல் இது முருகனின் அணங்கு, அவனால் வந்த வருத்தம் என்று கருதி, முருகனின் பூசாரியான வேலனை அழைத்துக் களம் இழைத்து, வேலுக்கு மாலை சூட்டி, பலி கொடுத்து, வெறியாட்டு என்னும் சாமியாட்டம் நடத்துகிறாள். அந்த இரவிலேயே காதலன் காவலைக் கடந்து வந்து அவளைத் தழுவிவிட்டுப் போகிறான். அவள் மேனி பொலிவு பெறுகிறது. பெயரோ நோய்க்கு எந்தத் தொடர்பும் இல்லாத வேலனுக்குப் போகிறது. அதைக் கண்டு நான் சிரிக்கமாட்டேனா என்கிறாள் தலைவி. இதைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியாட்டைப் பாடியே அந்தப் பெயரைப் பெற்றவர். நற்றிணை 34இலோ தோழி முருகனிடமே நேராகப் பேசுகிறாள்: இது உன்னால் வந்த நோய் அன்று என்று தெரிந்தும் வேலன் அழைத்ததற்காக வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாதவன்தான். கடவுளையே அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு துணிச்சல்! சடங்கின் பலனுக்குச் சடங்கு காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதை நம்மவர்கள் அன்றே கண்டிருந்தார்கள். மலையடிவாரத்தார் சொன்னதும் அதையே.

ஆனால் அதோடு நின்றுவிட்டால், ஒரே பாட்டி ஒரே மாதிரி செய்தது தங்கைக்கு ஏற்று அக்காளுக்கு ஏன் ஏற்கவில்லை என்பதற்குப் பதில் கிடைக்காது. அதற்கு நம் மொழியையே சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். மந்திரிப்புக்கு நாம் சொல்லும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். கண்ணேறு கழிக்கிறோம். நூல் கட்டுகிறோம். வேப்பிலையால் இறக்குகிறோம். உணவில் கலந்து வைத்ததாக நம்பும் இடுமருந்தை எடுக்கிறோம். பேயை ஓட்டுகிறோம். ஒவ்வொரு வினையும், தொல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி வெவ்வேறு கருத்தைக் கொண்டிருக்கிறது. கழிப்பது, பிறர் பார்வையால் மேலே ஒட்டிக்கொண்டதை. இறக்குவது, நம்மீது ஏறி அமர்ந்திருப்பதை. எடுப்பது, உள்ளே புகுந்துவிட்டதை. கட்டுவது மட்டும் இனி வரப்போவதைத் தடுக்க. அது காப்பு.

இப்போது இந்த அம்மையார் எழுதியதை மறுபடியும் படித்துப் பாருங்கள். மார்பின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருப்பது போல இருந்தது என்கிறார். அப்படிப்பட்டவருக்குக் கையில் நூலைக் கட்டினால் என்ன ஆகும்? ஏறியிருப்பது உள்ளேயே இருக்க, கதவைச் சாத்தியது போலாகும். இறக்கினால்தான் இறங்கும். அக்காளோ அடுத்து யாருக்கு என்ன வருமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தவர். அவருக்கு இறக்குவதற்கு ஒன்றுமில்லை, கட்டுத்தான் வேண்டும். இதை நான் அறிவியல் உண்மையாகச் சொல்லவில்லை. மனிதர் தம் துன்பத்தை எந்த உருவத்தில் உணர்கிறாரோ, அந்த உருவத்தோடு பொருந்துகிற சடங்கே அவரோடு பேசும் என்கிறேன்.

இந்த வழியில் சிந்தித்தவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு. இலங்கைத் தமிழரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா ஹார்வர்டில் மானிடவியல் கற்பித்தவர். மந்திரச் சடங்குகளை அரைகுறை அறிவியலாகக் கருதி, அவை சரியா தவறா என்று மதிப்பெண் போடுவதே பிழை என்று 1973இல் எழுதினார். சடங்கில் உள்ள உவமை ஒரு காரணத்தை நிறுவ வருவதில்லை. அது ஆளை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு இசைய வைக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். வைத்தீசுவரன் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெல்லம் கரைவதால் கட்டி கரைகிறது என்று அங்கே யாரும் வேதியியல் பேசுவதில்லை; வெல்லம் கரைவது போலக் கட்டியும் கரையட்டும் என்கிறார்கள். அந்தப் 'போல' யாருக்குச் சுவைக்கிறதோ, அவருக்கே அது வேலை செய்யும்.

இன்னொரு செய்தி. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்கியூட்டல் மக்களிடையே குவெசாலிட் என்ற ஒருவர் இருந்தார். மந்திர வைத்தியர்களின் மோசடியை அம்பலப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்களிடமே சீடராகச் சேர்ந்தார். வாயில் சிறிது இறகுப் பஞ்சை மறைத்து வைத்து, நாக்கைக் கடித்து இரத்தத்தில் நனைத்து, நோயாளியின் உடலிலிருந்து உறிஞ்சி எடுத்த நோய் இதுதான் என்று உமிழ்ந்து காட்டும் வித்தையைக் கற்றார். பொய் என்று நன்கு தெரிந்த அந்த வித்தையால் நோயாளிகள் தேறினார்கள். பிறகு அண்டை இனத்தாரிடம் சென்றபோது, அங்குள்ள வைத்தியர்கள் வெறும் எச்சிலைக் கையில் துப்பி அதுவே நோய் என்று சொல்வதைக் கண்டார். அவர்கள் கைவிட்ட ஒரு பெண்ணைத் தம் இரத்தப் பஞ்சால் குணப்படுத்தினார். அவர் சொல்லக் கேட்டவை 1930இல் மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸின் தொகுப்பில் அச்சாயின. நம் ஊரில் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, மயிர்ச்சுருளைக் காட்டி, 'இதுதான் உனக்கு வைத்த இடுமருந்து' என்பவர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கண்ணால் காணக்கூடிய நோய், காண முடியாத நோயை வென்றுவிடுகிறது.

இது நல்லதா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. மயிர்ச்சுருளோடு கூடவே, 'வைத்தது உன் நாத்தனார்தான்' என்ற ஒரு வரியும் வரும். குணம் ஒருவருக்கு, பகை ஒரு குடும்பத்துக்கே.

அம்மா, அந்தப் பாட்டி முணுமுணுத்த சொற்கள் உங்களுக்கு நினைவிருந்தால் எழுத முடியுமா? மந்திரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் இலக்கணத்தில் சொல்லைவிடச் சொல்பவருக்கே முதலிடம்: நிறைமொழி மாந்தர் ஆணையாகச் சொன்ன மறைமொழி. ஆனாலும் சொல்லைப் பார்க்கும் ஆசை வாத்தியாருக்குப் போகாது.

பதில் 4: இரவுப்பணி

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மருத்துவர். வாத்தியார் ஐயா சொன்னவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'வேலை செய்யும்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதன் மேல் வேலை செய்கிறது?

2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முழுவதையும் முடித்தவர்கள் 39 பேர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் மெய்யான மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத வெற்று இன்ஹேலர், பொய்யாகக் குத்தும் அக்குபங்சர், ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வைத்தல் என்ற நான்கையும் செய்தார்கள். நோயாளிகளைக் கேட்டபோது, மெய் மருந்தால் 50 விழுக்காடும், வெற்று இன்ஹேலரால் 45 விழுக்காடும், பொய் ஊசியால் 46 விழுக்காடும், சும்மா இருந்ததால் 21 விழுக்காடும் முன்னேற்றம் என்றார்கள். அதாவது நோயாளியின் வாய்மொழியில் பொய்க்கும் மெய்க்கும் வேறுபாடே இல்லை. ஆனால் மூச்சை ஊதச் சொல்லிக் கருவியில் அளந்தபோது, மெய் மருந்து 20 விழுக்காடு மூச்சைக் கூட்டியிருந்தது. மற்ற மூன்றும் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். நோயாளி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே இதமாக இருந்தது. நுரையீரலுக்குத்தான் அது தெரியவில்லை.

சடங்கு வேலை செய்யும் இடம், செய்யாத இடம் இரண்டும் இதில் அடங்கிவிடுகின்றன என்பது என் கருத்து. வலி, தூக்கம், குமட்டல், பயம் ஆகியவை நாம் உணர்வதாலேயே இருக்கின்றவை. அங்கே சடங்குக்கு இடம் உண்டு. வெறும் கற்பனையாகவும் அல்ல. 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு, மருந்தென்று சொல்லிக் கொடுக்கும் வெற்று மருந்துப்போலியால் வலி குறைந்ததையும், அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் அந்தக் குறைவு மறைந்ததையும் கண்டார்கள். உடல் தானே சுரக்கும் வலிநிவாரணி அங்கே வேலை செய்திருக்கிறது என்று பொருள். நஞ்சு, சீழ், அடைத்த இரத்தக்குழாய் ஆகியவையோ நாம் எதை உணர்ந்தாலும் தம் போக்கில் போகின்றவை. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மலையடிவாரத்தாரின் தாத்தா தட்டைக் கீழே வைத்த இடம்தான் எல்லைக்கோடு.

ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு. எரிச்சலூட்டும் குடல் நோய் உள்ள 262 பேரிடம் 2008இல் செய்த ஆய்வில், காத்திருந்தவர்களில் 28 விழுக்காட்டினரும், பேச்சில்லாமல் பொய் ஊசி குத்தப்பட்டவர்களில் 44 விழுக்காட்டினரும், அதே பொய் ஊசியை உட்கார்ந்து பரிவோடு விசாரித்துவிட்டுக் குத்தியபோது 62 விழுக்காட்டினரும் போதிய நிவாரணம் கிடைத்தது என்றார்கள். ஊசி ஒன்றேதான், விசாரிப்புத்தான் வேறு. எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. வாசலுக்கு எதிரே மந்திரித்துக் கயிறு கட்டுபவர் அரை மணி நேரம் பேசுகிறார். அவரிடம் கூட்டம் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. கொஞ்சம் பொறாமை உண்டு.

சகோதரி, ஒரு வேண்டுகோள். புதிதாகத் தொடங்கிய தலைவலி முக்கால்வாசி குறைந்தது என்றால், கால்வாசி இன்னும் இருக்கிறது. அக்காளுக்கு இரத்த அழுத்தமும் கண்ணும் பார்த்தாயிற்றா? பாராவிட்டால் பாருங்கள். நூல் கையிலேயே இருக்கட்டும், அதற்கும் இதற்கும் வழக்கில்லை.

காவிரிக்கரையாள்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதிய 'இறக்குவது', 'கட்டுவது' என்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் சொன்ன 'விசாரிப்பு' என்ற சொல்லைப் படித்ததும் நான் மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மா சுற்றிப் போட்டபோது யாரும் பேசக் கூடாது. அது அந்தச் சடங்கின் விதி. தர்காவில் பெருங்கூட்டம், எங்கள் முறை வந்ததும் நூலைக் கட்டி நகர்த்திவிட்டார்கள். பாட்டி மட்டும் வேப்பிலையைக் கையில் எடுப்பதற்கு முன், 'அப்பன் போனதற்கு நீ அழவே இல்லையாமே, காரியம் எல்லாம் நீதான் நின்று பார்த்தாயாமே' என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. முற்றத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதே பாட்டி அக்காளிடம் எதையும் கேட்கவில்லை. அவள்தான் பதினாறு நாளும் அழுதுகொண்டிருந்தாளே.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: குழந்தையின் கணக்கை உங்களுக்கும் மலையடிவாரத்தாருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டேன். மிளகாய் நெடியையும் சோதித்துப் பார்த்தேன். தணலில் போட்டால் தும்மல் வராமல் யாரும் நிற்க முடியவில்லை. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் போட்டால் நெடி அவ்வளவாக இல்லை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அக்காளை வரும் திங்கட்கிழமை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

வாத்தியார் ஐயா கேட்ட சொற்களுக்காகப் பாட்டியிடமே போனேன். முணுமுணுப்பில் என் பெயரும் அப்பாவின் பெயரும் வந்தது மட்டுமே எனக்குக் கேட்டிருந்தது. மற்றதைச் சொல்லுங்கள் என்றேன். வெளியே சொன்னால் பலிக்காது என்று மறுத்துவிட்டார். ஓர் ஐயா எழுதுவதற்குக் கேட்கிறார் என்றேன். எழுதினால் சுத்தமாகப் பலிக்காது என்றார். வாசல் வரை வந்தபின் திரும்பக் கூப்பிட்டு, உனக்கு வேண்டுமானால் கிரகணத்தன்று தலைக்குக் குளித்துவிட்டு வா, வெற்றிலை பாக்கு எடுத்து வா, காசு கொண்டு வராதே என்றார்.

நாட்காட்டியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.